அனுப்புவதற்கு முன் ஒரு ப்ரூஃப்

சென்னை
12 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாப்ளைக்கு,

ஆடிப்பெருக்கு கழியட்டும், உன் சிவகாசி பிரஸ்ஸில் காலண்டர் மாதிரி ஆல்பங்களைக் கொடுத்து முடித்துவிட்டு நீ கொஞ்சம் காலை நீட்டி உட்காரட்டும் என்று பத்து நாள் பொறுத்து எழுதுகிறேன். இந்த வருடம் ஆர்டர் எப்படி? தினசரித் தாள் காலண்டர் இன்னும் ஓடுகிறதா? எங்கள் வீட்டில் ஓடுகிறது. போனில் ராகுகாலம் பார்த்தால் அம்மாவுக்குப் பார்த்த மாதிரியே இல்லையாம். கண்புரை அறுவை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. உன் காலண்டரின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் பொன்மொழியைக்கூடக் கட்டிலில் இருந்தபடியே படித்துக் காட்டுகிறாள். பெரியவன் கோவையில் சேர்ந்துவிட்டான். விடுதிச் சாப்பாட்டைப் பற்றி நாம் அந்தக் காலத்தில் இன்லாண்டு லெட்டரில் எழுதிய அதே புகார்கள் இப்போது வாட்ஸ்அப்பில் வருகின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன தீபாவளிக்குப் பேசியபோது ப்ரூஃப் பற்றி, அதுதான் அச்சடிக்கும் முன் சரிபார்க்கக் காட்டும் மாதிரித் தாளைப் பற்றி, நீ ஒன்று சொன்னாய். மறந்திருப்பாய். நான் ஆறு மாதம் மல்லுக்கட்டிய ஒரு வேலை அதனால்தான் முடிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என்ன வேலை என்றால் சிரிப்பாய். ஒரே ஒரு திரை. சிறு கம்பெனிகள் கணக்கும் சரக்கு இருப்பும் பார்க்கிற மென்பொருள் செய்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? அதை வாங்கும் முதலாளி முதலில் தன் ஆட்களை உள்ளே கூப்பிட வேண்டும். கணக்குப் பார்ப்பவர், ஆடிட்டர், குடோன் ஆள், வசூலுக்குப் போகிறவர். அதற்கென்று ஒரு திரை இருக்கிறது. பல கம்பெனிகள் அந்த வாசலிலேயே நின்றுவிட்டன. உள்ளே முதலாளி மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பார். இரண்டு மாதம் பார்த்துவிட்டு அவரும் பழையபடி நோட்டுக்குப் போய்விடுவார்.

பழைய திரையில் ஆளுக்கு ஒரு வரி. பெயர், மெயில், பொறுப்பு. அடுத்த ஆளுக்குக் கூட்டல் குறியை அமுக்க வேண்டும். எக்செலில் இருந்து மொத்தமாக எடுத்து ஒட்டினால் பதினாலு முகவரியும் ஒரே கட்டத்துக்குள் திணிந்து, ‘தவறான முகவரி’ என்று சிவப்பில் திட்டு விழும். இதைவிடக் கூத்து அந்தப் பொறுப்புப் பட்டியல். ஆங்கில அகரவரிசையில் அடுக்கியிருந்தார்கள். எதையும் மாற்றவும் அழிக்கவும் அதிகாரம் உள்ள ‘அட்மின்’ ஏ எழுத்தில் தொடங்குகிறது, அதனால் அதுதான் முதலில் நிற்கும். தொடாமல் விட்டால் அதுவே போகும். அவசரத்தில் யார் தொடுகிறார்கள்? ஒரு கம்பெனியில் குடோன் பையன் வரைக்கும் எல்லாரும் அட்மின். அவன் ஒரு நாள் எதையோ தேடப்போய் முந்தின வருடத்துப் பில் ஒன்றை அழித்துவைத்தான். பையன் மேல் என்ன தப்பு? சாவியைக் கையில் கொடுத்தது நாங்கள்.

நான் முதலில் என்ன நினைத்தேன் என்றால், கட்டங்கள் அதிகம், அதனால் சலிப்பு. அதைக் குறைத்தால் போதும். ஆகவே ஒரே பெரிய கட்டமாக ஆக்கினேன். எப்படி ஒட்டினாலும் வாங்கிக்கொள்ளும். அவுட்லுக்கில் இருந்து எடுத்தால் முகவரிகளுக்கு நடுவே அரைப்புள்ளி வரும், ஜிமெயிலில் காற்புள்ளி, எக்செலில் வரிக்கு வரி. எல்லாவற்றையும் பிரித்து, முகவரி ஒவ்வொன்றையும் ஒரு சின்னச் சீட்டாக நிறுத்தும். பதினாலில் ஒன்று தப்பாக இருந்தால் அந்த ஒன்று மட்டும் சிவக்கும், மற்றவை காத்திருக்கும். ‘டாட் காம்’ என்று அடிக்கும்போது ‘எம்’முக்குப் பக்கத்தில் இருக்கும் ‘என்’ எழுத்து விழுந்து ‘டாட் கான்’ ஆகிவிடுவது தினமும் நடப்பது. அதையும் கண்டுபிடித்து, ‘காம்தானே?’ என்று கேட்கும். எனக்கு ஒரே பெருமை.

அப்புறம் அதை எடுத்துக்கொண்டு ஆட்களிடம் காட்டப் போனேன். திரை வடிவமைக்கும் எங்கள் தொழிலில் யாக்கோப் நீல்சன் என்று ஒரு பெரியவர். 5 பேரை உட்காரவைத்து, பயன்படுத்தச் சொல்லிக் கவனித்தாலே பெரும்பாலான கோளாறுகள் தெரிந்துவிடும் என்று 2000-இல் எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு எங்கள் மேனேஜர் ஆறாவது ஆளுக்குப் பஸ் காசு தரமாட்டார். எனக்கு ஐந்தும் கிடைக்கவில்லை. நாலு பேர்தான். ஐந்தாவது ஆள் குலதெய்வக் கோயிலுக்குக் கிடா வெட்டப் போய்விட்டார்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. மாடியில் சின்ன ஆபீஸ். கீழே மெஷின் ஓடுகிற அதிர்வில் மேஜை மேல் இருக்கிற டம்ளரில் தண்ணீர் நடுங்குகிறது. கணக்குப் பார்க்கும் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். எக்செலில் இருந்து பதினாலு முகவரியை எடுத்து ஒட்டினார். பதினாலும் சீட்டாக வரிசை கட்டின. ஒன்று சிவந்தது. திருத்தினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம். பிறகு மவுஸை ‘அழைப்பு அனுப்பு’ பட்டன் மேல் கொண்டுபோய் வைத்தார். அமுக்கவில்லை. காபி வந்தது, குடித்தார். மறுபடி மவுஸைப் பிடித்தார். விரல் மேலேயே நிற்கிறது. நாம் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு டம்ளரையே பார்த்தேன்.

கடைசியில் அவரே கேட்டார். “ஏனுங்க தம்பி, இதை அமுக்குனா இப்பவே எல்லாத்துக்கும் போயிருங்களா?”

“போயிடுங்க.”

“என்னன்னு போகும்?”

மாப்ளே, எனக்குத் தெரியாது. ஆறு மாதமாக அந்தத் திரையோடு குடித்தனம் நடத்துகிறேன், அந்தப் பட்டனை அமுக்கினால் எதிராளிக்குப் போகிற மெயிலை ஒரு தடவைகூடப் படித்ததில்லை. அது வேறு யாரோ, எப்போதோ எழுதிவைத்தது.

அவர் விடவில்லை. “ஆடிட்டருக்கும் இதேதான் போகுங்களா? அவரு பெரியவரு, மிஷின் அனுப்புன மாதிரி போனா நல்லா இருக்குங்களா?” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “பதினாலு பேருத்துக்கும் காசு புடிச்சுருங்களா? மொதலாளி இன்னும் அதைப் பத்திப் பேசலைங்க.”

பட்டனை அமுக்காமலே எழுந்துகொண்டார். திரும்பும்போது பஸ்ஸில் எனக்கே ஒரு அழைப்பு அனுப்பிப் பார்த்தேன். பதில் போட முடியாத ஒரு முகவரியில் இருந்து வருகிறது. ஆங்கிலத்தில், ஒரு பணியிடத்தில் சேர நீங்கள் அழைக்கப்பட்டிருக்கிறீர்கள் என்று ஒரு வரி. கீழே நீலப் பட்டன். யார் அழைத்தது, எந்தக் கம்பெனி, எதற்கு, ஒன்றும் கிடையாது. எங்கே பார்த்தாலும் இணைய மோசடி பற்றியே பேச்சாக இருந்த நேரம் அது. முன்பின் தெரியாத மெயிலில் நீலப் பட்டனை எவன் அமுக்குவான்? நானாக இருந்தால் அழித்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்திருப்பேன்.

அந்த வாரம்தான் தீபாவளி, உன் போன். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்தத் தேதி மாறிப்போய் 500 கார்டு குப்பைக்குப் போன கதையைச் சொல்லிவிட்டு ஒன்று சொன்னாய்: “மேட்டரை எழுதிக் குடுக்கறப்ப எவனும் பாக்க மாட்டான்டா. அடிச்ச தாள்ல தன் பேரைப் பாத்தாத்தான் கண்ணாடியை எடுத்து மாட்டுவான். அதனால ப்ரூஃப்ல கையெழுத்து வாங்காம நான் பிளேட்டு ஏத்தறதில்ல.”

அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அந்த அம்மா நின்றது கட்டங்கள் அதிகம் என்பதால் இல்லை. தன் பேரில் என்ன போகிறது என்று தெரியாமல் நின்றார். நான் ஆறு மாதமும் மேட்டர் எழுதிக் கொடுக்கிற தாளைத்தான் அழகுபடுத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது முகவரிகளை ஒட்டியதும் பக்கத்திலேயே அந்த மெயில் தெரியும், எதிராளிக்கு எப்படிப் போகுமோ அப்படியே. அனுப்புகிறவர் பெயர், கம்பெனி பெயர், எதற்கு என்று தமிழில் இரண்டு வரி, அவருக்கு எதைப் பார்க்க முடியும் என்று ஒரு வரி. கீழே, சொந்தமாக ஏதாவது எழுத ஒரு இடம். ‘ஆள் உள்ளே வந்த பிறகுதான் கட்டணம்’ என்று பட்டனுக்கு மேலேயே போட்டுவிட்டோம். இந்த ஒரு வரியை வாங்க எங்கள் கணக்குப் பிரிவோடு மூன்று கூட்டம் நடத்த வேண்டியிருந்தது, அது தனிக் கதை. பட்டனிலும் வெறும் ‘அனுப்பு’ இல்லை. ‘14 பேருக்கு இப்போதே அனுப்பு’ என்று இருக்கும். பக்கத்தில் ‘பிறகு அனுப்புகிறேன்’.

திருப்பூருக்கு மறுபடி போனேன். அந்த அம்மா கண்ணாடியை மாட்டினார் மாப்ளே, நிஜமாகவே மாட்டினார். நெற்றியில் ஏற்றியிருந்ததை இறக்கி, மெயிலை வரி வரியாகப் படித்தார். ஆடிட்டரை மட்டும் தனியாகப் பிரித்து எழுதினார்: “சார் வணக்கம். இனி பில் எல்லாம் இதுலயே பாத்துக்கலாமுங்க, ஃபைல் குடுத்துவிட வேண்டியதில்லீங்க.” அனுப்பினார். ஆடிட்டர் அன்று சாயங்காலமே உள்ளே வந்துவிட்டார்.

அதைப் பார்த்தபோது 2004 ஞாபகம் வந்தது. ஜிமெயிலுக்குள் யாராவது கூப்பிட்டால்தான் போக முடியும் என்று இருந்த காலம். 2007 பிப்ரவரியில்தான் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். ஹாட்மெயிலில் 2 எம்பி, யாகூவில் 4 எம்பி என்று எண்ணி எண்ணி மெயிலை அழித்துக்கொண்டிருந்த நமக்கு 1 ஜிபி என்றதும் நம்பிக்கையே வரவில்லை. நீ பிரவுசிங் சென்டரில் இருந்து எனக்கு அழைப்பு அனுப்பினாய். அது வந்த யாகூ முகவரி செத்து எத்தனையோ வருடம் ஆகிறது. ஆனால் நீ கூட எழுதியிருந்த வரி மறக்கவில்லை: ‘மெஸ் பாக்கி 40 ரூபாய், உள்ளே வந்து கொடு.’ அதைப் படித்துத்தான் இது நீதான் என்று நம்பி உள்ளே போனேன். 40 ரூபாயைக் கொடுத்தேனா என்பது நினைவில்லை.

பொறுப்புகளின் பெயரையும் மாற்றினோம். எங்கள் ஆட்கள் ‘வியூவர்’ என்பதைப் ‘பார்வையாளர்’ என்று மொழிபெயர்த்து வைத்திருந்தார்கள். ஈரோட்டில் ஒருவர், “ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிட்டு வர்றவங்களா?” என்று கேட்டார். இப்போது ‘பார்க்கலாம், மாற்ற முடியாது’ என்று நேராகவே இருக்கிறது. தொடாமல் விட்டால் அதுதான் போகும். அட்மின் கடைசிக்குப் போய்விட்டது.

பெரிய சண்டை நினைவூட்டலில்தான். வராத ஆளுக்கு மூன்று நாளைக்கு ஒரு தடவை தானாகவே மெயில் போய்க்கொண்டிருக்கட்டும் என்றார் மேனேஜர். வேலைத் தொடர்புகளுக்கான வலைத்தளம் லிங்க்ட்இன் இருக்கிறதே, அதன் கதையைச் சொன்னேன். உறுப்பினர்களின் முகவரிப் புத்தகத்தில் இருந்தவர்களுக்கு அவர்கள் பேரிலேயே அழைப்பு அனுப்பி, பதில் வராவிட்டால் இன்னும் இரண்டு தடவை நினைவூட்டினார்கள். அமெரிக்காவில் வழக்கு வந்தது. முதல் அழைப்புக்கு உறுப்பினர் சம்மதித்தார், பின்னால் போன நினைவூட்டலுக்குச் சம்மதித்தாரா என்பதுதான் கேள்வி. 2015-இல் 1 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டார்கள். தொகையைக் கேட்டதும் மேனேஜர் பேச்சை மாற்றிவிட்டார். இப்போது அனுப்பிய பிறகு அதே திரையில் பெயர்கள் இருக்கும். யார் வந்தார், யார் வரவில்லை, மறுபடி அனுப்பவா, திரும்ப வாங்கிக்கொள்ளவா. செய்வது அனுப்பியவர் கை. முன்பு என்ன தெரியுமா? ‘வெற்றி!’ என்று ஒரு பச்சை டிக் வந்து மறையும். அதோடு அந்தப் பதினாலு பேரையும் எங்கே தேடுவது?

நான் தோற்ற இடமும் உண்டு. குடோன் ஆளுக்கு மெயில் எது? போன் வாங்கிய கடைக்காரப் பையன் ப்ளே ஸ்டோருக்காக ஒன்றை உண்டாக்கிக் கொடுத்திருப்பான். அதன் பேரும் தெரியாது, பாஸ்வேர்டும் தெரியாது. அவர்களைப் போன் நம்பரில்தான் கூப்பிட வேண்டும். ஆனால் எஸ்எம்எஸ் அனுப்ப வாசகத்தையே முன்கூட்டிப் பதிவு செய்து அனுமதி வாங்க வேண்டும். 2024 அக்டோபரில் இருந்து அதில் வைக்கும் லிங்கையும் பதிய வேண்டும். மோசடியைத் தடுக்க வந்த விதி, குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஆட்களோ அதைக் காட்டி ‘அடுத்த முறை பார்க்கலாம்’ என்று தள்ளிவிட்டார்கள். லிங்கை வாட்ஸ்அப்பில் போட்டுவிடலாமே என்றார் ஒருவர். அது குரூப் குரூப்பாகத் தாவி, போன மாதம் வேலையை விட்டு நின்ற ஆள்கூட உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வான். அதற்கு மட்டும் நான் ஒப்பவில்லை.

நீ போன மாதம் பிரஸ்ஸுக்குக் கணக்கு மென்பொருள் வாங்குவதாகச் சொன்னாயே, எங்களுடையதை வாங்கு என்று சொல்ல வரவில்லை. வரும் சனிக்கிழமை பொதிகையில் ஏறி ஞாயிறு காலை சிவகாசியில் இறங்குகிறேன். லேப்டாப் கொண்டுவருகிறேன். அரை மணி நேரம் அதன் முன்னால் உட்கார், உன் மிஷின் மேனையும் பைண்டிங் ஆட்களையும் உள்ளே கூப்பிடுகிற மாதிரி செய்து காட்டு. நான் வாயைத் திறக்க மாட்டேன். இன்னும் எனக்கு ஐந்தாவது ஆள் கிடைக்கவில்லை.

சாத்தூர் காராசேவு கால் கிலோ வாங்கி வை. அம்மா கேட்டாள்.

உன் பழைய ரூம்மேட்