நாற்பது பி-52 விமானங்களைத் தரையில் நிறுத்த உதவியவர்களுக்கு

வணக்கம்.

டேவிஸ்-மாந்தன் சீனரி, அதாவது சிமுலேட்டரில் பறக்கும்போது தெரியும் நிலக்காட்சி, ஒருவழியாக முடிந்தது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து டூசான் நகரை ஒட்டிய இந்த விமானப்படைத் தளத்தில்தான் 1946 முதல் ஓய்வுபெற்ற ராணுவ விமானங்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். மழை குறைவு, காற்றில் ஈரம் இல்லை, மண்ணும் கெட்டி. கான்கிரீட் போடாமலே குண்டுவீச்சு விமானத்தை நிறுத்தலாம். இதைக் கணினியில் விமானம் ஓட்டும் ஃபிளைட்கியர் சிமுலேட்டருக்குள் கொண்டுவர ஆசைப்பட்டேன். அதில் பறக்கிற பி-52 குண்டுவீச்சு விமான மாடல்தான் கையில் இருக்கிறதே, எடுத்து வரிசையாக வைத்தால் முடிந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்தேன். எட்டு மாதம் ஆனது.

முதலில் அந்த மாடலைச் செய்தவருக்கு நன்றி. யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்கிற ஜிபிஎல் உரிமம் என்பதால் அனுமதி கேட்கத் தேவையே இல்லை. அவர் பெயரை விடாமல், மாற்றியதையும் அதே உரிமத்தில் மூலக் கோப்போடு வெளியிட வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் மனசு கேட்காமல் எழுதினேன். "பறக்க வைக்க நான் பட்ட பாடு தெரியுமா? நீங்கள் நிறுத்தி வைக்கப் போகிறீர்களா?" என்று கேட்டவர், மறுநாளே தன்னிடமிருந்த மூலக் கோப்பையும் அனுப்பிவிட்டார்.

அப்புறம் மதுரைத் தம்பி. நாற்பது விமானங்களை வைத்துவிட்டு நான் செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். வால் சுக்கான்கள் லேசாக ஆடின. பாலைவனக் காற்று, எவ்வளவு தத்ரூபம் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். தம்பி போயிங் 737 பயணிகள் விமானத்தை எடுத்துக் கிளம்பி, சக்கரத்தை உள்ளே இழுத்தான். கீழே நாற்பது பி-52-களும் ஒரே நேரத்தில் சக்கரத்தை மடக்கிக்கொண்டன! மாடலோடு வந்த அசைவுக் கட்டளைகள் "சக்கரம் எந்த நிலையில் இருக்கிறது" என்று கேட்கும். விமானமாக இருந்தவரை தன் சக்கரத்தைப் பார்த்தது. சீனரிப் பொருளானதும், ஓட்டுகிறவருடைய விமானத்தைப் பார்க்கிறது. செஸ்னாவுக்கு மடங்குகிற சக்கரமே கிடையாது, அதனால் என் கண்ணில் படவில்லை.

அசைவுகளை எல்லாம் அழித்தோம். அதோடு விட்டதா? சக்கரக் கதவுகள் மூடியபடி வரையப்பட்டிருந்தன. சக்கரங்கள் அவற்றைத் துளைத்துக்கொண்டு நின்றன. முப்பரிமாண மாடல் செய்யும் பிளெண்டர் மென்பொருளில் ஒவ்வொரு கதவாகத் திறந்து வைத்தது தம்பிதான். மாடலின் மையப்புள்ளி உடம்புக்குள் இருந்ததால் பாதி விமானம் மண்ணில் புதைந்திருந்ததையும் அவனே தூக்கி நிறுத்தினான்.

விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, "டாங்கில் எரிபொருள் இருக்கிறதா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. பி-52-இன் இறக்கை எரிபொருள் நிறைந்தால் தொங்கும். நுனிக்கு அருகில் உள்ள சின்னச் சக்கரம் தரையைத் தொடும். காலியானால் இறக்கை எழும்பி, அந்தச் சக்கரம் அந்தரத்தில் நிற்கும். ஓய்வுபெற்றுக் கிடக்கிற விமானத்தில் எரிபொருள் ஏது? இறக்கையை வளைத்துத் தூக்கினோம். வெயிலுக்காகக் கண்ணாடிகள் மீது வெள்ளைப் பூச்சு அடிப்பார்கள் என்று சொன்னதும் அவர்தான். அந்த ஒரு வார்த்தையில் காக்பிட்டின் உட்புறம் முழுவதையும் தூக்கிப் போட்டேன். வெளியிலிருந்து தெரியாத இருக்கைக்கும் மீட்டருக்கும் எதற்குப் பலகோணங்கள் (மாடலைக் கட்டும் சின்னச் சின்னத் துண்டுகள்)?

ஆனாலும் சிமுலேட்டர் திரையில் காட்சி திக்கித் திணறியது. சீனரி செய்யும் அக்கா ஒருவர் இரவு ஒரு மணி வரை கூட இருந்து சரிசெய்தார். நான் நாற்பது தனிக் கோப்புகளாக வைத்திருந்தேன். ஒரே மாடலைப் பொதுப் பொருளாக்கி நாற்பது இடத்தில் நிறுத்தினார். தூரத்துக்கு ஒரு எளிய வடிவமும் செய்து தந்தார். "இவ்வளவு நேரம் கேட்காமல் இருந்தீர்களே" என்று திட்டியதற்கும் சேர்த்து நன்றி அக்கா.

மேற்கு வரிசை இன்னும் காலியாக இருக்கிறது. அங்கே சி-130 சரக்கு விமானம் வைக்கலாம் என்று இருக்கிறேன். தம்பி, இந்த முறை முதல் நாளே 737-ஐ எடுத்து ஓட்டிப் பார்த்துவிடு.