அடைமொழிகளை விட்டுவையுங்கள், ஆண்டுகளை வெட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய சிறப்பு மலர்க் குழுவினருக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் தமிழ் அமைப்புகள் கொண்டுவரும் ஆண்டு மலர், வெள்ளி விழா மலர், நாட்டின் 60ஆம் ஆண்டையொட்டி வந்த மலர் எனப் பலவற்றுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். ஒற்று மிகுமா மிகாதா என்று பார்ப்பதுதான் என் வேலை. கட்டுரைகளைப் பற்றி யாரும் என்னிடம் கருத்துக் கேட்டதில்லை. கேட்காமலேயே சொல்லத் துணிகிறேன். தலைவர்களைப் பற்றிய கட்டுரைகளில் கைவைக்கும்போது நீங்கள் தகவலை வெட்டிவிட்டு அபிப்பிராயத்தை விட்டுவைக்கிறீர்கள். பக்கம் போதவில்லை என்றால் முதலில் போவது ஆண்டும் எண்ணும். ‘ஒப்பற்ற’, ‘தன்னிகரில்லா’ போன்றவை ஒருமுறைகூடப் போனதில்லை.

தேவன் நாயரைப் பற்றி வந்த ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்கிறேன். 1961இல் தேசிய தொழிற்சங்கக் காங்கிரஸ் உருவாகக் காரணமானவர். 1981இல் நாட்டின் மூன்றாவது அதிபர் ஆனார். கட்டுரையாளர் இதையெல்லாம் எழுதி, அவர் 1985 மார்ச் 28 அன்று பதவி விலகியதையும் எழுதியிருந்தார். அச்சுக்குப் போன பக்கத்தில் அந்தப் பத்தி இல்லை. 1981இலிருந்து ஒரே தாவலில் ‘தொழிலாளர் நெஞ்சங்களில் என்றென்றும் வாழ்கிறார்’ என்று முடிந்திருந்தது. மனிதர் 2005இல் கனடாவில் காலமானார். இடையில் இருந்த இருபத்து நான்கு ஆண்டுகள் என்னவாயின என்று ஒரு மாணவர் கேட்டால் மலரில் பதில் இல்லை.

சங்கடமான விஷயம் என்றார்கள். சங்கடம்தான், மறுக்கவில்லை. மதுப் பழக்கமே விலகலுக்குக் காரணம் என்று பிரதமர் லீ குவான் இயூ நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். தேவன் நாயர் பிற்காலத்தில் அதை மறுத்தார். இதை எழுத முடியாதா என்ன? அவர் விலகினார் என்பது தகவல். பிரதமர் இந்தக் காரணத்தைச் சொன்னார் என்பதும் தகவல். நாயர் அதை மறுத்தார் என்பதும் தகவல். இருவரில் யாரை நம்புவது என்பது மட்டுமே அபிப்பிராயம். அதைக் கட்டுரையாளர் ‘என் கணிப்பில்’ என்று தம் பொறுப்பில் சொல்லலாம், அல்லது வாசகரிடம் விட்டுவிடலாம். நாம் மூன்று தகவல்களையும் எடுத்துவிட்டு, யாரும் சரிபார்க்க முடியாத நெஞ்சங்களை மட்டும் அச்சிட்டோம்.

அடுத்தது அந்த மீன்பிடி கிராமம். ‘மீனவக் கிராமமாகக் கிடந்த சிங்கப்பூரை உலக நகராக்கினார் லீ குவான் இயூ’ என்ற வாக்கியம் இல்லாத மலரை நான் இன்னும் பார்க்கவில்லை. நாடு தனி நாடான 1965இல் இங்கே ஏறத்தாழ 19 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். துறைமுகம் அப்போதே பரபரப்பாக இயங்கியது. செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்தது. நம்மில் பலருடைய தாத்தாக்கள் அங்கேதான் வேலை பார்த்தார்கள், மீன் பிடிக்கவில்லை. ஆங்கிலேயர் வந்திறங்கிய 1819ஆம் ஆண்டுக் காட்சியை 1965இல் கொண்டுவந்து ஒட்டினால் தலைவர் உயர்ந்து தெரிவார் என்று நினைக்கிறோம். எனக்கு என்னவோ அது அவரைக் குறைப்பதாகத்தான் படுகிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். கழகம் அவர்களுக்கு வேகமாக அடுக்குமாடி வீடுகளைக் கட்டிக் கொடுத்தது. இதை எழுதினால் கழகத்தின் முதல் தலைவர் லிம் கிம் சானும் கட்டுரைக்குள் வருவார்; ஜூரோங் தொழிற்பேட்டையைச் சொன்னால் அப்போதைய நிதி அமைச்சர் கோ கெங் சுவீ வருவார். ஒரே மனிதர் எல்லாவற்றையும் செய்தார் என்ற சித்திரம் கலையும். அந்தச் சித்திரத்தைக் காப்பாற்றத்தான் கிராமம் தேவைப்படுகிறது போலும்.

எதிர்த்தரப்பைப் பாராட்டி எழுதுபவர்கள் இதில் மேல் என்று நினைக்கவேண்டாம். பாட்டாளிக் கட்சித் தலைவர் ஜே.பி. ஜெயரத்னம் 1981 அக்டோபர் 31 அன்று ஆன்சன் இடைத்தேர்தலில் வென்றார். வித்தியாசம் 653 வாக்குகள். ஒருவர் அதை ‘மக்கள் பேரலை’ என்று எழுதுகிறார். இன்னொருவர் ‘மயிரிழையில் தப்பிய வெற்றி’ என்கிறார். இருவருமே 653 என்ற எண்ணை எழுதவில்லை! எழுதியிருந்தால் அலையா மயிரிழையா என்று வாசகர் தாமே பார்த்துக்கொண்டிருப்பார்.

இதைவிடத் தேர்ந்த சாமர்த்தியம் ஒன்று உண்டு. அதில் பொய்யே இருக்காது. 1986இல் கட்சிக் கணக்குகள் தொடர்பான வழக்கில் ஜெயரத்னம் தண்டிக்கப்பட்டார். நாடாளுமன்ற இடத்தை இழந்தார். பின்னர் வழக்கறிஞர் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டார். 1988இல், அப்போது சிங்கப்பூரின் சில வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அவரை மீண்டும் பட்டியலில் சேர்க்க ஆணையிட்டு, அவருக்குக் கடுமையான அநீதி நேர்ந்திருப்பதாகச் சொன்னது. ஆனால் குற்றத் தீர்ப்பை எதிர்த்து அங்கே முறையிட வழி இருக்கவில்லை. அது அப்படியே நின்றது. அதிபரின் மன்னிப்பும் கிடைக்கவில்லை. ஒரு சாரார் 1986இல் நிறுத்திக்கொள்கிறார்கள். மறு சாரார் 1988இலிருந்து தொடங்குகிறார்கள், அதிலும் பிற்பாதியைச் சொல்வதில்லை. இரண்டு கட்டுரைகளிலும் ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. எந்த ஆண்டில் நிறுத்துவது என்று முடிவெடுத்த இடத்தில்தான் சார்பு இருக்கிறது. மெய்ப்புத் திருத்துபவன் கண்ணுக்கு அது அகப்படாது. குழுவில் இருக்கும் நீங்கள்தான் பார்க்கவேண்டும்.

நம் தமிழ்ப் பெருமிதத்தையும் சொல்லிவிடுகிறேன். தேசிய உறுதிமொழி என்றதும் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம் நினைவுக்கு வருகிறார். 1966இல் அவர் எழுதிய வரைவு பிரதமரின் கையாலும் செப்பனிடப்பட்டது என்ற பாதி வரியை எழுத நமக்கு ஏனோ பேனா நகர்வதில்லை. 2023இல் தர்மன் சண்முகரத்னம் 70.4 விழுக்காட்டு வாக்கில் அதிபரானபோது, ‘இனம் பாராமல் வாக்களித்த மக்கள்’ என்று எழுதினோம். அவ்வாறே இருக்கலாம், எனக்கும் அப்படி நம்ப ஆசைதான். ஆனால் வாக்கு ரகசியமானது. 70.4 என்ற எண்ணுக்குள் அவரவர் காரணம் எழுதப்பட்டிருக்கவில்லை.

‘எதற்கு வம்பு, சட்டம் இருக்கிறதே’ என்று உங்களில் சிலர் சொல்வது தெரியும். ‘பொஃப்மா’ என்று நாம் சுருக்கிச் சொல்லும், இணையப் பொய்ச்செய்திகளுக்கு எதிரான சட்டம் 2019 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. அது குறிவைப்பது தகவலாகச் சொல்லப்படும் பொய்யை. கருத்தும் விமர்சனமும் அதன் வரம்புக்குள் வராது என்று அரசாங்கமே விளக்கியிருக்கிறது. இரண்டுக்கும் இடையே கோடு எங்கே என்பதில் வழக்குகள் நடந்திருக்கின்றன, உண்மைதான். அவதூறுச் சட்டம் வேறு இருக்கிறது. ஆனால் இந்த அச்சத்தில் நாம் செய்வது என்ன? நாடாளுமன்றப் பதிவில் இருக்கும் நாளையும் தீர்ப்பில் இருக்கும் வரியையும் நீக்குகிறோம். பாதுகாப்பானவை அவைதான்.

புகழ்ந்து எழுதாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. மலர் என்றால் புகழ்ச்சி இருக்கும். எழுதியவர் பெயர் மேலே இருக்கிறது, புகழ்வது அவர் உரிமை. கட்டுரை கையில் வந்ததும் ‘இது யார் சொன்னது, எந்த ஆண்டு’ என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து அனுப்புங்கள். பதில் வராத வரியை எழுதியவரின் கருத்தாக மாற்றச் சொல்லுங்கள். தேடுவதும் இப்போது கடினமில்லை. நாடாளுமன்ற விவாதப் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. பழைய தமிழ் முரசு இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் மின்தொகுப்பில் இருக்கின்றன. விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தின் மேல்தள ஆய்வுப் பிரிவில் உட்கார்ந்து கேட்டால் ஊழியர்கள் எடுத்துத் தருகிறார்கள்.

இன்னொரு வேண்டுகோள், கொஞ்சம் சுயநலமானது. பக்கங்கள் வழக்கமாக வெள்ளிக்கிழமை இரவு என்னிடம் வருகின்றன, ஞாயிறு காலை அச்சகம் போகவேண்டும் என்கிறீர்கள். அந்த நேரத்தில் ஒற்றுப்பிழையைத்தான் பார்க்க முடியும். ஒரு வாரம் கொடுத்தால் ஆண்டுகளையும் எண்களையும் நானே நூலகத்துக்குப் போய்ச் சரிபார்த்துத் தருகிறேன். வழக்கம்போல இதற்கும் கட்டணம் வேண்டாம். வெட்டிய பத்திகளையும் சேர்த்து அனுப்பினால் போதும்.

அன்புடன்,
உங்கள் மலர்களுக்கு மெய்ப்புத் திருத்துபவன்