கதவுக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். மேடம் ஓய்வு பெற்ற பிறகும் மற்ற தெரபிஸ்டுகளை வழிநடத்தும் சூப்பர்விஷனை விடவில்லை; “அந்த வாயாடி எப்படி இருக்கிறாள்?” என்று கேட்டார்.

உன் மனநல தெரபியை முழுக்க ஆன்லைனுக்கு மாற்றுகிறாய், அதிலும் கிளையன்டுகளில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருப்பவர்கள் என்றதும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் கேமரா, லைட், முதுகுக்குப் பின்னால் வைக்கப்போகும் செடி என்று ஒரு பக்கம் எழுதியவள், கிளையன்ட் உட்காரப்போகும் அறையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே! எனக்கு உறுத்துவது அதுதான்.

நேரில் என்றால் அறை நம்முடையது. கதவும் நம் பொறுப்பு. ஆன்லைனில் அந்தப் பொறுப்பு கிளையன்ட் தலையில் போய் விழுகிறது. தனியாக வாழ்பவர்கள் நிறைந்த ஊரில் பயின்ற தெரபிஸ்ட் “கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்” என்று சுலபமாகச் சொல்லிவிடுவார். சாத்திய கதவே ஆயிரம் கேள்வியைக் கிளப்பும் வீடுகள் உண்டு. மாமியார் அடுத்த அறையில் இருக்கும்போது மாமியாரைப் பற்றி எப்படிப் பேசுவது? கிளையன்ட் எல்லாவற்றுக்கும் “பரவாயில்லை, நல்லாத்தான் போகுது” என்பார். நீ அதை எதிர்ப்பு, அதாவது மனம் திறக்க மறுக்கிறார், என்று குறித்துக்கொள்வாய். அவர் சொன்னது உனக்கல்ல, கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு.

அதனால் ஒவ்வொரு செஷனிலும் முதல் இரண்டு நிமிடம் இதற்கே. “இப்போது தனியாக இருக்கிறீர்களா? நாம் பேசுவது யாருக்காவது கேட்குமா?” ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படி கேள். முதல் சந்திப்பிலேயே ஒரு சாதாரண வாக்கியத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், “அந்த பில் வந்துவிட்டதா?” என்று அவர் கேட்டால் யாரோ உள்ளே வந்துவிட்டார் என்று அர்த்தம். நீ உடனே தூக்கம், வேலை என்று பேச்சை மாற்ற வேண்டும். ஹெட்போன் உன் குரலைத்தான் மறைக்கும், அவர் குரலை மறைக்காது. அவர் பக்கத்துக் கதவருகே ஃபேனோ ரேடியோவோ ஓடட்டும். சொல்ல முடியாததை சாட்டில் தட்டச்சு செய்யலாம். முடிந்ததும் இருவரும் அழித்துவிடுங்கள். நிறுத்தி வைத்த காரிலிருந்து பேச விரும்பினால் தயங்காமல் சரி என்று சொல். வீட்டில் அடி வாங்குபவர் என்றால் இவையெல்லாம் இன்னும் கறாராக வேண்டும்: செஷன் நினைவூட்டல் எந்தப் போனுக்கு, என்ன பெயரில் போகிறது என்பதுவரை கேட்டுக்கொள்.

தற்கொலை எண்ணம் உள்ளவர் விஷயத்தில் என் கவலை இன்னும் பெரிது. கிளையன்ட் ஐரோப்பாவில் இருக்கிறார், நீ இங்கிருந்து 112 அடித்தால் இங்குள்ள அவசர உதவிதான் எடுக்கும். அவர் ஊர்க் காவல் நிலையம், மருத்துவமனை இரண்டின் முழு எண்ணும் நாட்டுக் குறியீட்டோடு கையில் இருக்க வேண்டும். பதிவேட்டிலுள்ள முகவரியை நம்பாதே. அன்றன்று எங்கிருந்து பேசுகிறார் என்று கேள். அழைப்பு துண்டிக்கப்பட்டால் யார் யாரை எந்த எண்ணில் அழைப்பது, எத்தனை நிமிடம் கழித்து அவசரத் தொடர்புக்குரியவரிடம் பேசுவது என்பதை எழுத்தில் வை. அந்த ஆள் அப்பாவோ கணவரோ ஆகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சில வீடுகளில் அவர்களிடம் சொல்வதே ஆபத்து.

உரிமம் பற்றியும் ஒரு வார்த்தை. பல இடங்களில் கிளையன்ட் இருக்கும் இடத்துச் சட்டம்தான் செல்லும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் உரிமம் தனி. மாநில எல்லை தாண்டி ஆன்லைனில் பார்க்க அனுமதிக்கும் சைபேக்ட் ஒப்பந்தம் அதில் சேர்ந்த மாநிலங்களின் சைக்காலஜிஸ்டுகளுக்கு மட்டும். ஒவ்வொரு நாட்டையும் தனித்தனியாக விசாரி.

இனி சத்தம். வீடியோ செயலிகளில் இரைச்சலைக் குறைக்கும் வசதி தானாகவே ஓடும். அது பேச்சைத் தக்கவைத்துவிட்டு பெருமூச்சையும் விசும்பலையும் இரைச்சலோடு சேர்த்து அமுக்கிவிடும். இருவரும் ஹெட்போன் போட்டுக்கொண்டு அந்த வசதியைக் குறைந்த அளவுக்கு இறக்குங்கள். அப்போதும் மௌனம் சிக்கல்தான். அழுகிறாரா, யோசிக்கிறாரா, நெட் நின்றுவிட்டதா என்று தெரியாமல் அவசரப்பட்டு வாயைத் திறந்துவிடுவோம். மௌனத்தை மரியாதையாகப் பழகியவரிடம் அது பெரிய குறுக்கீடு. “நான் பேசாமல் இருந்தால் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பொருள், நெட் போனால் போனில் அழைப்பேன்” என்று முன்பே சொல்லிவிடு.

பார்வையும் அப்படித்தான். திரையில் முகம் மிக அருகில் வந்துவிடுகிறது. பெரியவர்களின் கண்ணை நேராகப் பார்க்காமல் வளர்ந்தவருக்கு அது முறைப்பதுபோல் இருக்கும். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கையும் தெரியும்படி உட்கார். கேமராவை நிறுத்திவிட்டுப் பேச அவர் கேட்டால் விடு. பல பேருக்கு வெட்கமான விஷயம் அப்போதுதான் வாயில் வரும். சைக்கோஅனாலிஸிஸ் என்ற உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டே கிளையன்டின் கண்ணில் படாமல் பின்னால்தானே உட்கார்ந்தார்! அவர் முறையில் வந்த அமெரிக்க அனலிஸ்டுகள் 2020-க்கு வெகு முன்பே ஸ்கைப்பில் சீனாவில் இருப்பவர்களுக்கு வாரக்கணக்கில், வருடக்கணக்கில் அனாலிஸிஸ் செய்தார்கள். தூரத்தால் உறவு நிற்காது என்ற பயம் எனக்கு இல்லை.

உன் முகம் உனக்கே தெரியும் கட்டத்தை மறைத்துவிடு, களைப்பு குறையும். இரண்டு செஷனுக்கு நடுவே கால் மணி நேரம் எழுந்து நட.

உன் ஒப்புதல் படிவத்தை இந்த வாரமே அனுப்பு. அவசரத் திட்டப் பகுதியை முதலில் பார்க்கிறேன். அது முடியும்வரை வெளிநாட்டு கிளையன்ட் யாரையும் எடுக்காதே.

அன்புடன்,
கீதா