கட்டாயப் போட்டிகளைக் குறையுங்கள்: பெண்கள் டென்னிஸ் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

டபிள்யூ.டி.ஏ. நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

2025 செப்டம்பர் 2 அன்று இரவு, நியூயார்க்கின் ஆர்தர் ஆஷ் அரங்கில் செக் வீராங்கனை மார்கெட்டா வொண்ட்ரோஷோவா அமெரிக்க ஓபன் காலிறுதி ஆடியிருக்க வேண்டும். இரண்டு நாள் முன்புதான் கஜகஸ்தானின் ரிபாகினாவை மூன்று செட்டில் வென்றிருந்தார். ஆட்டத்துக்கு முன் நடந்த பயிற்சியில் முழங்கால் மக்கர் செய்தது. மருத்துவரிடம் காட்டினார், விலகிக்கொண்டார். எதிர்த்து ஆட வேண்டிய சபலென்கா ஒரு பந்துகூட அடிக்காமல் அரையிறுதிக்குப் போனார்.

அமெரிக்க ஓபன் நீங்கள் நடத்துவது அல்ல என்று தெரியும். அந்த முழங்காலுக்கு உங்கள் அட்டவணைதான் காரணம் என்று என்னால் நிரூபிக்கவும் முடியாது. ஆனால் அவருடைய ஆட்ட வாழ்க்கையைக் கொஞ்சம் வரிசையாக வைத்துப் பாருங்கள்.

2019-இல், 19 வயதில் பிரெஞ்சு ஓபன் இறுதிப்போட்டி. அந்த ஆண்டு முடிவதற்குள் இடது மணிக்கட்டில் அறுவை சிகிச்சை. அவர் இடது கை ஆட்டக்காரர். மீண்டு வந்து டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பானின் ஒசாகாவை அவருடைய சொந்த மண்ணிலேயே வீழ்த்தி, கடைசியில் வெள்ளியும் வாங்கினார். 2022-இல் மறுபடியும் மணிக்கட்டு, மறுபடியும் கத்தி. அந்தக் கோடையில் விம்பிள்டன் நடந்தபோது கையில் கட்டோடு லண்டனைச் சுற்றிப் பார்க்கத்தான் அவரால் முடிந்தது. தோழி தகுதிச் சுற்று ஆடுவதை வெளியே உட்கார்ந்து பார்த்தார். வொண்ட்ரோஷோவாவின் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர் பலத்தை நம்பி அடிப்பவர் அல்ல. எதிராளி பின்கோட்டில் நிற்கும்போது வலையை ஒட்டி விழும் அந்த டிராப் ஷாட், தாழ்ந்து போகும் ஸ்லைஸ், எல்லாமே மணிக்கட்டு செய்கிற வேலை. அதையே இரண்டு முறை அறுத்துத் தைத்துக்கொண்டுதான் 2023-இல் 42-ஆம் தரவரிசையோடு வந்து, இறுதிப்போட்டியில் துனிசியாவின் ஜாபரை 6-4, 6-4 என்று வென்று விம்பிள்டன் கோப்பையைத் தூக்கினார். தொழில்முறை ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்ட 1968-க்குப் பிந்தைய ஓபன் யுகத்தில், போட்டியின் முன்னணித் தரநிலைப் பட்டியலில் இல்லாத ஒரு பெண் அங்கே வென்றது அதுதான் முதல் முறை.

அப்புறம்? 2024 விம்பிள்டனில் முதல் சுற்றிலேயே தோல்வி, தோளில் அறுவை சிகிச்சை, அந்த சீசனே முடிந்தது. 2025-இல் 150-க்கும் கீழே போய்விட்ட தரவரிசையோடு பெர்லின் வந்து, சபலென்காவையும் தோற்கடித்துப் பட்டம் வென்றார். மூன்றே மாதத்தில் முழங்கால்.

இவர் ஒருவர் கதை மட்டுமா? அதே செக் நாட்டின் முஹோவாவும் 2023-இல் பிரெஞ்சு ஓபன் இறுதி வரை போய், மணிக்கட்டுக் காயத்தால் ஆண்டிறுதிப் போட்டியைத் தவறவிட்டு, அடுத்த ஆண்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.

உங்கள் விதிப்படி முன்னணி வீராங்கனைகள் நான்கு கிராண்ட்ஸ்லாம்கள் போக, வெல்பவருக்கு 1000 தரவரிசைப் புள்ளி தரும் போட்டிகள் பத்தும், 500 புள்ளிப் போட்டிகள் ஆறும் ஆடியாக வேண்டும். ஆடாவிட்டால் தரவரிசைக் கணக்கில் பூஜ்யம். 2024 அக்டோபரில், முதல் இடத்தில் இருந்த போலந்தின் ஷ்வியான்டெக்குக்கே புள்ளியைக் குறைத்தீர்கள். போதாததற்கு கனடா, சின்சினாட்டி போட்டிகளும் 2025-இல் 12 நாளாக நீண்டுவிட்டன. நவம்பரில் முடிகிற சீசன் டிசம்பர் கடைசியிலோ ஜனவரி தொடக்கத்திலோ மறுபடி தொடங்கிவிடுகிறது. உடம்பு ஆறுவதற்கு எந்த மாதத்தை விட்டுவைத்திருக்கிறீர்கள்?

அதனால்தான் கேட்கிறேன்: கட்டாயப் போட்டிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது, சொல்லிவிடுகிறேன். 2023 ஆண்டிறுதிப் போட்டியை மெக்சிகோவின் கான்குனில் அவசர அவசரமாகக் கட்டிய தற்காலிக மைதானத்தில் நடத்தினீர்கள். போட்டிக்கு முந்தைய நாள் வரை வீராங்கனைகளால் அதில் பயிற்சிகூட எடுக்க முடியவில்லை. காற்றிலும் மழையிலும் ஆட்டங்கள் சிதறின. இறுதிப்போட்டி ஒரு நாள் தள்ளிப்போனது. விம்பிள்டன் சாம்பியனாக வந்த வொண்ட்ரோஷோவா உட்பட வீராங்கனைகள் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார்கள். 1973-இல் பில்லி ஜீன் கிங் இந்தச் சங்கத்தைத் தொடங்கியது வீராங்கனைகளின் குரல் எடுபட வேண்டும் என்பதற்காகத்தான். அந்தக் குரலை நீங்களே கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

சரி, கோபத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கையில் மாற்றம் இல்லை. 500 புள்ளிப் போட்டிகளில் கட்டாயத்தை எடுத்துவிடுங்கள். 1000 புள்ளிப் போட்டிகளில் சிலவற்றையாவது வீராங்கனைகளின் விருப்பத்துக்கு விடுங்கள். 12 நாள் போட்டிகளைப் பழையபடி ஒரு வாரத்துக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த அட்டவணையை முடிவு செய்வதற்கு முன் இவற்றைப் பரிசீலிக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வொண்ட்ரோஷோவாவின் ஆட்டத்தை விரும்பும் ஒரு ரசிகை