பென் டிரைவ்ல இருந்து ஏத்துறது மட்டுமா எங்க வேலை?

ஆசிரியருக்கு வணக்கம்.

காலேஜ் ஆன்லைன் பாடம் எதுவும் வெளங்கலைன்னு போன வாரம் ஒருத்தர் எழுதியிருந்தாரு, வாத்தியாருகளை மட்டும்தான் திட்டியிருந்தாரு. அதுல பாதி எங்களுக்கு விழ வேண்டியது சார். நான் மதுரை பக்கம் ஒரு காலேஜ்ல பதினோரு வருசமா கம்ப்யூட்டர் லேப்ல இருக்கேன், ப்ரொபசர் பென் டிரைவைக் குடுத்து "தம்பி, இதை மூடுல்ல ஏத்திவிட்ருப்பா"ம்பாரு, மூடுல்ங்கிறது (Moodle) காலேஜோட ஆன்லைன் பாடத் தளம், அதுல ஏத்துவேன், அம்புட்டுதான். பக்கம் பூராம் படுக்கப் போட்டு ஸ்கேன் பண்ணியிருக்கும், உசிலம்பட்டியில இருந்து பஸ்ல வர்ற புள்ள அதைப் போன்ல எப்படிப் படிக்கும்னு ஒருநாளும் யோசிச்சதில்ல. 1971-லயே தபால்ல பாடம் அனுப்ப ஆரம்பிச்ச ஊரு நம்ம ஊரு, அப்ப கவர்ல போட்டு ஸ்டாம்பு ஒட்டுனாய்ங்க, இப்ப நாங்க ஃபைல் ஏத்துறோம்.

ட்ரெய்னிங் முன்னயும் நடந்துச்சு. ஏசி ஹால், பிபிடி, மத்தியானம் சாப்பாடு, சர்ட்டிபிகேட். மறுநாளும் அதே பென் டிரைவ்.

இந்தத் தடவை ரெண்டு நாளு, ரெண்டு பேருக்கு ஒரு சிஸ்டம், நெசமாவே நடக்குற ஒரு பாடத்தை எடுத்து மாத்தி பசங்க கையிலயே குடுத்துப் பாக்கணும்னுட்டாய்ங்க. எனக்கு ஜோடி கெமிஸ்ட்ரி லேப் அக்கா. டைட்ரேஷன், அதான் ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டா விட்டு இன்னொண்ணை அளக்குற சோதனை, அதோட வீடியோ நாப்பது நிமிசம் ஓடுது, அக்கா பாத்துட்டு "புள்ளைக தப்பு பண்ற எடம் ஒண்ணுகூட இதுல இல்லையே தம்பி"ன்னுச்சு. ப்யூரெட்ல, அதான் கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாய்ல, ஊத்துன புனலை எடுக்காம விட்ருவாய்ங்களாம், அதுல இருந்து சொட்டு விழுந்து ரீடிங் மாறிரும். குழாய்ல கரைசலோட மேல்மட்டம் வளைஞ்சு நிக்கும், நெறமில்லாத கரைசல்னா அந்த வளைவோட அடியைப் பாக்கணும், பெர்மாங்கனேட்டு கருஊதா, அடி தெரியாது, அதுக்கு மேல்விளிம்பு. இந்த ரெண்டுக்கும் மும்மூணு நிமிசத்துல வீடியோ எடுத்து கீழ ஒரு கேள்வி வச்சோம், தப்பா தட்டுனா ஏன் தப்புன்னு ஒரு வரி வரும். அந்த ஃபீட்பேக் பாக்ஸ் மூடுல்ல எப்பவும் இருந்ததுதான், இத்தனை வருசமா காலியா விட்டது நான்தான். பசங்ககிட்ட குடுத்தா மொத கேள்வியே புரியலைன்னான் ஒருத்தன், வந்த கோவத்துக்கு அளவில்ல, அப்புறம் உக்காந்து மாத்தி எழுதுனோம்.

இப்ப என்னன்னா, அந்த ரெண்டு நாளும் லேப்பைப் பூட்டிட்டுப் போனதுக்கு என்கிட்ட விளக்கம் கேக்குறாய்ங்க. வாத்தியாருகளுக்குக் குடுக்குற மாதிரி ஓ.டி. (ஆன் டியூட்டி, வெளிய போன நாளையும் வேலை நாளா எடுத்துக்கிறது) எங்களுக்கும் குடுங்க சார். அந்த டைட்ரேஷன் பாடத்துல ப்ரொபசர் பேரு மட்டும்தான் இருக்கு, அக்கா பேரையும் போடுங்க.

- ஒரு லேப் அசிஸ்டன்ட், திருமங்கலம்