மழைநாளில் பறவைத் தீனித்தட்டு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. வீட்டுத் தோட்டத்தில் பறவைகளுக்குத் தீனித்தட்டு மாட்டியிருப்பதாகவும், விடாத மழையில் அதை எப்படிப் பார்த்துக்கொள்வதென்று தெரியவில்லை என்றும் நீ தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு மனம் நிறைந்தது. மழையில் அவை பட்டினி கிடக்குமே என்று தட்டை வழிய வழிய நிரப்பத் தோன்றும். அப்படிச் செய்யாதே. நனைந்த தானியம் நிறைந்த தட்டைவிட வெறும் தட்டு எவ்வளவோ மேல். பறவைகள் நாம் வைப்பதை மட்டுமே நம்பி வாழ்வதில்லை. தட்டு காலியாக இருந்தால் வேறிடம் தேடிப் போய்விடும், பூஞ்சணம் பிடித்ததைத் தின்றாலோ நோயில் விழும்.

ஈர விதையில் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் நுண்வித்துகள் பறவையின் நுரையீரலிலும் காற்றுப்பைகளிலும் புகுந்து மூச்சை அடைக்கும். எச்சம் கலந்த தட்டின் வழியாக சால்மொனெல்லா கிருமி ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும். அதனால் மேலாகப் பார்த்துவிட்டுத் திரும்பாமல் அடிவரை கையை விட்டுப் பார். மேலே காய்ந்திருக்கும் விதை அடியில் கட்டிதட்டிப்போய், விரலால் நிமிண்டினால் பிசுபிசுவென்று ஒட்டும். புளித்த வாடை வரும். சிலவற்றில் வெள்ளை முளைகூடத் தெரியும். அதில் நல்லதைப் பொறுக்கி எடுக்க முயலாமல் மொத்தமாக அப்புறப்படுத்திவிடு. சூரியகாந்தி விதை போட்டிருந்தால் லேசாக ஊதியும் பார். தட்டு நிறைந்திருப்பதுபோலத் தோன்றினாலும் பாதிக்குமேல் வெறும் தோலாக இருக்கலாம்.

தட்டின் அடியில் தண்ணீர் வடியத் துளைகள் இருக்க வேண்டும்; கம்பிவலை அடித்தட்டு இன்னும் நல்லது. மேலே விளிம்பைத் தாண்டி நீளும் அகலமான மூடி ஒன்றைப் பொருத்தி, காற்று நேராக வந்து அறையாத பக்கத்தில் மாட்டு. சன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருந்தால், மிரண்டு எழும் பறவை கண்ணாடியில் மோதினாலும் வேகம் குறைவாக இருக்கும். புயல் வருமென்று தெரிந்தால் கழற்றி உள்ளே வைத்துவிடு.

தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வை. கடுங்குளிரில் சிறு பறவைகள் ஒரே இரவில் தம் எடையில் பத்தில் ஒரு பங்குவரை இழக்கக்கூடும் என்பதால், விடிந்ததும் வரும் பசிதான் அவற்றுக்குப் பெரிது. ஆகவே விடியலில் ஒரு முறையும், பொழுது சாய்வதற்குச் சற்று முன் ஒரு முறையும், அப்போதைக்குத் தீர்ந்துபோகும் அளவு மட்டும் வைத்தால் போதும். எண்ணெய்ச் சத்துள்ள சூரியகாந்தி விதையே அந்த நேரத்துக்கு ஏற்றது. ரொட்டித் துண்டும் உப்புக் கடலையும் வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுவது வழக்கம்; மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையாவது கழுவு. கையுறை போட்டுக்கொண்டு சோப்பு நீரில் தேய்த்து அழுக்கைப் போக்கியபின், ஒன்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பிளீச் திரவம் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, வாடை போகும்வரை அலசி, ஈரம் துளியும் இல்லாமல் காயவிடு. பிளீச்சோடு வேறெந்தத் திரவத்தையும் கலந்துவிடாதே. மழையில் ஒரு தட்டு காய்வதற்கே நாளாகும் என்பதால் இரண்டு வாங்கி மாற்றி மாற்றி மாட்டுவதே சரி. கீழே சிந்தியதையும் கூட்டிவிடு; இல்லையென்றால் எலி வந்து சேரும்.

இறகைச் சிலிர்த்துக்கொண்டு, நீ அருகில் போனாலும் பறக்காமல் ஒரு பறவை உட்கார்ந்திருந்தால், மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு எல்லாத் தட்டுகளையும் இறக்கிக் கழுவி, இரண்டு வாரமாவது மாட்டாமல் இரு. கூட்டமாக வந்து தின்னும் இடத்தில்தான் நோய் பரவுகிறது.

மூட்டையில் மிச்சமிருக்கும் விதையை இறுக மூடும் டப்பாவில் கொட்டித் தரையில் படாமல் வை. பழையது தீர்ந்து, டப்பாவைத் துடைத்துக் காயவைத்த பிறகே புதியதைக் கொட்டு.

அன்புடன்,
அம்மா