சின்னப் பள்ளி சீரமைப்பு வேலை: மகல்லாவாசிகளுக்குக் கட்டடக் குழுவின் நிறைவு அறிக்கை

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு தொடங்கிய வேலை நோன்புக்கு முன்பே முடிந்து, நோன்பு இரவுத் தொழுகையான தராவீஹும் புதுக் கூரையின் கீழ் நடந்தேறியது. அல்ஹம்துலில்லாஹ். உள்ளூரில் இருப்பவர்கள் நேரிலேயே பார்த்துவிட்டீர்கள். துபாயிலும் மலேசியாவிலும் இருந்து பணம் அனுப்பியவர்கள் போட்டோவைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: மினாரா எங்கே?

மினாரா கட்டவில்லை. காசு கூரைக்குள்ளும் தரைக்கடியிலும் போய்விட்டது. எப்படிப் போனது என்று சொல்வதுதான் இந்த அறிக்கை.

நம்முடையது கீழக்கரைக்கு வெளியே ஏர்வாடி சாலையோரம் நிற்கும் சின்னப் பள்ளி. ஊருக்குள் சீதக்காதி வள்ளலின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் பழைய ஜும்ஆ பள்ளியைப் போல, வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்கச் செதுக்கிய கல்தூண் எதுவும் இங்கே கிடையாது. ஐந்து வேளைக்கும் தெருக்காரர்கள், வெள்ளிக்கிழமை சாலையில் போகிற லாரிக்காரர்கள், சாயங்காலம் மதரஸா பிள்ளைகள். அவ்வளவுதான். ஆனால் மூன்றாவது ஸஃப்புக்கு (தொழுகை வரிசைக்கு) மேலே காரை பெயர்ந்து விழுந்த அன்றிலிருந்து அந்த இடத்தில் யாரும் நிற்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

முதலில் வந்து பார்த்த ஒப்பந்ததாரர் ஒருவர் மேலே பூசி வெள்ளையடித்தால் போதும் என்றார். விலையும் குறைவு. திருப்புல்லாணிப் பக்கத்துக் கொத்தனார் அண்ணன் ஏணியில் ஏறி, சுத்தியலால் நாலு தட்டுத் தட்டிவிட்டு இறங்கி வந்தார். “பாய், கம்பி உள்ளுக்குள்ள துருப்பிடிச்சு வீங்கிப்போச்சு. அதுதான் காரையைத் தள்ளுது. பூசுனா ஆறு மாசம் தாங்கும், அப்புறம் மொத்தமா வரும்.” உடைத்துப் பார்த்தபோது விரல் தடிமன் கம்பி பென்சில் தடிமனுக்கு இளைத்திருந்தது. அந்தக் காலத்தில் கடற்கரை மணலையே கலந்து கூரைத் தளம் போட்டிருக்கிறார்கள். மணலிலுள்ள உப்பு போதாதென்று கிணற்று உவர்நீரையும் ஊற்றியிருக்கிறார்கள். கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே முக்கால் அங்குலக் காங்கிரீட்கூட இல்லை. உப்பங்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

ஆகவே தொழுகைக்கூடத்துத் தளத்தை முழுவதும் உடைத்துப் புதிதாகப் போட்டோம். கடலோரக் கட்டடத்தில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் காங்கிரீட் இருக்க வேண்டும், கலவையின் வலிமைத் தரம் எம் 30-க்குக் குறையக் கூடாது என்பது இந்தியத் தரநிலை 456 சொல்வது. கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. நம் கிணறு அந்தப் பரீட்சையில் தேறவில்லை. அதனால் கலவைக்கும் லாரித் தண்ணீர், தளம் நன்றாக இறுக அதன்மேல் பாத்தி கட்டி நிறுத்தவும் லாரித் தண்ணீர். குடிக்கவே காவிரித் தண்ணீர் எப்போது வரும் என்று குடத்தோடு காத்திருக்கிற ஊரில், கூரைமேல் நல்ல தண்ணீரைத் தேக்கி வைத்ததைப் பார்த்துச் சிலர் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பு நியாயம்தான், வேறு வழியில்லை. அக்டோபரில் வாடை மழை பிடிப்பதற்குள் பலகை பிரித்தாக வேண்டும் என்ற அவசரமும் இருந்தது. மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இந்தத் தளத்துக்கே.

கிப்லா பக்கத்துச் சுவர், அதாவது மக்கா நோக்கித் தொழும் பக்கத்துச் சுவர், பவளக்கல் சுவர். அதை இடிக்காமல் வைத்துக்கொண்டோம். அதன்மேல் பின்னாளில் யாரோ பூசிய சிமெண்ட்தான் உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்துக் கல்லை அரித்துக்கொண்டிருந்தது. அதைக் கொத்தி எடுத்துவிட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டுப் பிசைந்த சுண்ணாம்புக் காரை பூசினோம். பொடிந்துபோன கற்களுக்குப் பதில் புதுக்கல் கிடைக்காது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-லேயே கடல்சார் தேசியப் பூங்கா ஆகிவிட்டன. 2001-லிருந்து பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே வரிசையில் இருக்கிறது. நம் வளாகத்திலேயே பழைய கழிவறைச் சுவரைப் பிரித்த கல் கிடந்தது. அதை வைத்து ஒப்பேற்றினோம்.

இனி ஸஃப் கோடு. இதைப் பற்றித்தான் அதிகம் பேச்சு எழுந்தது.

பள்ளி தெருவுக்கு நேராகக் கட்டப்பட்டது. கிப்லாச் சுவர் ஏறக்குறைய நேர் மேற்கே பார்க்கிறது. மக்கா நமக்கு நேர் மேற்கில் இல்லை, சுமார் 23 பாகை வடக்கே ஒதுங்கியிருக்கிறது. பெரியவர்கள் இதை அறிந்துதான் பாயைச் சற்றுச் சாய்த்து விரித்து வந்தார்கள். பாய் என்றால் நகர்த்திக்கொள்ளலாம். கிரானைட் பதித்து அதில் கறுப்புக் கோடு இழைத்துவிட்டால் பிறகு நகர்த்த முடியாது. இளைஞர்கள் ஆளுக்கொரு மொபைல் செயலியை வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை காட்டியது. சுற்றிலும் கட்டுக்கம்பியும் சென்டரிங் தகடும் குவிந்து கிடக்கும்போது காந்த முள் எங்கே ஒழுங்காக நிற்கும்?

வழி சொன்னவர் நம் இமாம். வருடத்தில் இரண்டு முறை, மே 28-ஐ ஒட்டியும் ஜூலை 16-ஐ ஒட்டியும், மக்காவின் லுஹர் (நண்பகல்) நேரத்தில் சூரியன் கஅபாவின் உச்சிக்கு நேர் மேலே வருகிறது. அந்த நிமிடத்தில் சூரியனைப் பார்த்து நின்றால் கஅபாவைப் பார்த்து நிற்கிறோம். ஜூலையில் அது மக்காவில் 12.27, நமக்குப் பிற்பகல் 2.57. அன்று முற்றத்தில் மூங்கில் நட்டுத் தூக்குக்குண்டு கட்டினோம். கச்சான் காற்றில் குண்டு ஊஞ்சலாடியது. கொத்தனார் அண்ணன் ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து குண்டை அதில் முங்க விட்டார், ஆட்டம் நின்றது. 2.57-க்குத் தரையில் விழுந்த நூலின் நிழல்மேல் பாங்கு சொல்லும் மோதினார் சுண்ணாம்பு நூல் அடித்தார். அந்தக் கோட்டுக்குக் குறுக்கே மூலைமட்டம் பிடித்துத்தான் உள்ளே கறுப்புக் கோடுகள் போட்டது. வாசலில் இருந்து பார்த்தால் சுவருக்கும் கோட்டுக்கும் ஒட்டாமல் தெரியும், மூலைகளில் முக்கோணமாக இடம் வீணாகும். தெரிந்தே செய்தது. அப்படியானால் இத்தனை நாள் தொழுதது என்னாவது என்ற கேள்விக்கு இமாம் ஜும்ஆ பயானில் விளக்கம் சொல்லியாயிற்று. கேட்காதவர்கள் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

தொழுகைக்கு முன் ஒளு செய்ய, அதாவது கை கால் முகம் கழுவ, உள்ள தொட்டியான ஹவ்ளை மூடிவிட்டுக் குழாய் மட்டும் வைக்கலாம் என்று ஒரு தரப்பு, ஹவ்ளு இல்லாத பள்ளி பள்ளியா என்று இன்னொரு தரப்பு. இரண்டு குல்லா (பெரிய சாடியைக் குறிக்கும் அரபு அளவு) அளவுக்கு மேற்பட்ட தண்ணீர், நிறமோ மணமோ சுவையோ கெடாதவரை சுத்தம்தான் என்பது நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் (மார்க்கச் சட்ட மரபின்) நிலை. நம் ஹவ்ளு அதைப்போலப் பல மடங்கு. சட்டத்தில் சிக்கல் இல்லை, பாசியில்தான் சிக்கல். அடியைச் சுரண்டி, விரிசல் அடைத்து, வழிந்தோடும் வாய்க்கால் வைத்து ஹவ்ளை அப்படியே வைத்துக்கொண்டோம். முதியவர்களுக்கும் அவசரக்காரர்களுக்கும் ஐந்து குழாய், உட்கார்ந்து ஒளு செய்யும் திண்டோடு. நபியவர்கள் ‘முத்து’ என்ற அரபு அளவையில் ஒரு முத்துத் தண்ணீரில் ஒளு செய்தார்கள்; நம் கணக்கில் அது ஒரு லிட்டருக்கும் குறைவு. குழாயைத் திறந்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் கல்யாணச் செய்தி பேசுபவர்களுக்காக இதைக் குறிப்பிட்டு வைக்கிறோம்.

பெண்கள் தொழும் அறைக்குத் தனி வாசலும் தனி ஒளு இடமும் வந்துவிட்டன. இதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. கஞ்சி காய்ச்சும் கொட்டகைக்குத் தகரம் மாற்றியாயிற்று. அரசு தரும் நோன்புக்கஞ்சி அரிசி நனையாமல் வைக்க மேடையும் கட்டியாயிற்று.

பணத்தில் இரண்டு விஷயம். சிலர் ஜகாத் என்று குறிப்பிட்டுப் பணம் அனுப்பியிருந்தார்கள். ஜகாத் குர்ஆன் சொல்லும் எட்டு வகையினருக்கு உரியது, அதில் பள்ளி கட்ட ஆகாது என்பதே நான்கு மத்ஹபுகளிலும் பெரும்பாலோர் நிலை. அனுப்பியவர்களைக் கேட்டுவிட்டு அதை ஏழைகளுக்கான பொதுநிதியான பைத்துல்மாலுக்கு மாற்றினோம்; தெருவிலுள்ள விதவைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. வங்கி வட்டியைக் கழிவறை கட்ட வைத்துக்கொள்ளுங்கள் என்று வேறு சிலர் சொன்னார்கள். இதில் உலமாக்களிடையே ஆகும், ஆகாது என்ற இரு கருத்தும் உண்டு. வம்பே வேண்டாமென்று திருப்பிவிட்டோம். அவர்களே உள்ளூரில் ஏழைகளுக்குக் கொடுத்துவிடட்டும்.

தளம் உடைத்திருந்த நாட்களில் தொழுகை மதரஸா கூடத்தில் நடந்தது. ஜும்ஆவுக்கு ஊருக்குள் போய் வந்தோம். எதிர்வீட்டு அண்ணாச்சி தம் காலி மனையில் ஜல்லியும் கம்பியும் இறக்கிக்கொள்ள இடம் தந்தார். வாடகை பேசப்போனால் கோபித்துக்கொண்டார். பெருநாளன்று அவர் வீட்டுக்குச் சாப்பாடு போனது.

வரவு செலவு முழுவதும் ரசீது எண்ணோடு பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பொருளாளர் நகல் அனுப்புவார். பாக்கி இரண்டு: இன்வெர்ட்டர் பேட்டரிக்குக் கொடுக்க வேண்டிய கடைசித் தவணை, அடக்கத்தலமான மையவாடிச் சுற்றுச்சுவரில் சாய்ந்து நிற்கும் வடக்குப் பகுதி. சுவருக்கு மதிப்பீடு வாங்கியிருக்கிறோம். வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு மதரஸா கூடத்தில் கூட்டம். சுவரா, மினாராவா என்பதை அங்கே பேசிக்கொள்ளலாம். இந்தக் குழுவின் பொறுப்பு அன்றோடு முடிகிறது, அடுத்த குழுவுக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வியாழன் இஷாவுக்குள் கொடுக்கவும்.

வஸ்ஸலாம்.
கட்டடக் குழு